பட்ஜெட் பணம் ஏழை வீட்டுக்கு எந்த வழியாகப் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது?

பட்ஜெட் நாளன்று எந்த நாட்டிலும் ஏறக்குறைய இதேதான் நடக்கிறது. நிதியமைச்சர் உரை படிக்கிறார். தொலைக்காட்சியில் கோடிகள் ஓடுகின்றன. ஆளுங்கட்சி அதை ஏழைகளின் பட்ஜெட் என்கிறது, எதிர்க்கட்சி பணக்காரர்களின் பட்ஜெட் என்கிறது. எது விலை ஏறும், எது இறங்கும் என்ற பட்டியல் மாலைக்குள் எல்லோர் கைபேசிக்கும் வந்துவிடுகிறது. மறுநாள் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இத்தனை இரைச்சலிலும் ஒரு கேள்வி அப்படியே கிடக்கிறது. மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாத ஒரு குடும்பத்துக்கு இந்த ஆவணத்தால் உண்மையில் என்ன ஆகிறது? மதத்தாலோ இனத்தாலோ சாதியாலோ மொழியாலோ ஓரத்தில் நிற்கும் ஒரு சமூகத்துப் பிள்ளையின் படிப்பை அது எப்படித் தொடுகிறது?

'ஏழைகளைப் பாதிக்க வேண்டும்' என்று எந்த பட்ஜெட்டிலும் ஒரு வரிகூட இருக்காது. எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லி யாரும் நிதியை வெட்ட மாட்டார்கள். ஆனாலும் அடி விழும்போது பெரும்பாலும் ஒரே மக்கள் மேல்தான் விழுகிறது. அதற்கான காரணம் அமைச்சரின் உரையில் கிடைக்காது. பணம் எப்போது விடுவிக்கப்படுகிறது, யார் தகுதியானவர், தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறுமா, எது வரி எது சலுகை என்பது போன்ற, யாரும் கவனிக்காத விதிகளில்தான் அது இருக்கிறது. அந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## அறிவித்த தொகையும் போய்ச் சேர்ந்த தொகையும்

அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற கணக்கு ஒன்று. கடைமடை வயலுக்கு எவ்வளவு வந்தது என்ற கணக்கு வேறொன்று. நடுவில் மதகுகள் இருக்கின்றன, உடைப்புகள் இருக்கின்றன, வழியில் இருப்பவர்களின் மோட்டார்கள் இருக்கின்றன. தண்ணீர் தாராளமாக இருக்கும் ஆண்டில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. பற்றாக்குறை வந்தால் முதலில் காய்வது கடைமடைதான். பட்ஜெட் பணமும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களும் சிறுபான்மைச் சமூகங்களும் பெரும்பாலும் கடைமடையில்தான் இருக்கிறார்கள்.

அதனால்தான் ஒரே திட்டத்துக்கு மூன்று எண்கள் இருக்கின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் 'இவ்வளவு செலவிடுவோம்' என்று சொல்வது பட்ஜெட் மதிப்பீடு. ஆண்டின் நடுவில் நிலவரத்தைப் பார்த்து மாற்றி எழுதுவது திருத்திய மதிப்பீடு. எல்லாம் முடிந்தபின் கணக்குப் பார்த்து எழுதுவது உண்மைச் செலவு. செய்தியில் வருவது முதல் எண். மக்களுக்குப் போனது மூன்றாவது எண். மூன்றாவது எண் வெளிவரும்போது ஒன்றிரண்டு ஆண்டுகள் கடந்திருக்கும். அதற்குள் புதிய பட்ஜெட்டின் முதல் எண்கள் தலைப்புச் செய்தியாகியிருக்கும்.

எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். கல்வி உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். அது கல்லூரி தொடங்கும் மாதத்தில் வந்தால் கட்டணமாகிறது. நிதியாண்டின் கடைசி வாரத்தில் விடுவிக்கப்பட்டால், அதற்குள் அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டியிருக்கும், இல்லையென்றால் பிள்ளை படிப்பை நிறுத்தியிருக்கும். அரசின் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. 'முழுத் தொகையும் செலவிடப்பட்டது' என்றுதான் இரண்டுக்கும் எழுதப்பட்டிருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒதுக்கீடு என்பது ஒரு நோக்கம்தான். உண்மைச் செலவையும் பணம் வந்த தேதியையும் பார்த்தால்தான் நடந்தது தெரியும்.

## வெட்டு ஏன் எப்போதும் ஒரே இடத்தில் விழுகிறது

பட்ஜெட் என்றால் ஒவ்வோர் ஆண்டும் வெள்ளைத்தாளில் புதிதாக எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி முன்பே முடிவாகிவிட்ட ஒன்று. வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். ஊழியர்களுக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்க வேண்டும். இப்படித் தவிர்க்க முடியாதவற்றைக் கட்டாயச் செலவு என்று சொல்லலாம். இவற்றைக் கழித்தபின் மிஞ்சும் பகுதியில்தான் அரசுக்கு விருப்பம் என்ற ஒன்று இருக்கிறது. முன்னுரிமை பற்றிய சண்டையெல்லாம் அந்தப் பகுதிக்குள்தான்.

வட்டி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பு 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் 330 கோடி மக்கள் வாழ்கிறார்கள். அந்த நாடுகளில் சிக்கனம் என்று பேச்சு எழும்போது வட்டியில் கைவைக்க முடியாது, சம்பளத்தில் கைவைத்தால் போராட்டம் வெடிக்கும். மிச்சம் இருப்பவை உதவித்தொகை, மாணவர் விடுதி, ஆரம்பச் சுகாதார நிலையத்தின் மருந்து, பள்ளிக் கட்டடப் பராமரிப்பு, குழந்தைகள் மையம். இவற்றை வெட்டினால் தலைநகரில் சாலை மறியல் நடக்காது. யார் குரல் சத்தமாகக் கேட்காதோ அவர்களுடைய திட்டத்தை வெட்டுவதுதான் அரசியல்ரீதியாக எளிது. இதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்வதில்லை.

வெட்டின் வலியும் எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்காது. வசதியுள்ள குடும்பம் அரசுப் பேருந்தை நம்பியில்லை, அரசு மருத்துவமனையை நம்பியில்லை. அங்கே தரம் குறைந்தால் அவர்களுக்குத் தெரியக்கூட தெரியாது. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இந்தச் சேவைகள் இரண்டாவது சம்பளம் மாதிரி. கையில் காசாக வராத சம்பளம். குழந்தைகள் மையம் மூடப்பட்டால் அந்த வீட்டுப் பெண் வேலையை விட வேண்டியிருக்கும். பேருந்துத் தடம் ரத்தானால் நகரத்து வேலைக்குப் போய்வர முடியாது. பட்ஜெட்டில் ஒரு சிறு தொகை மிச்சமான கணக்கு இருக்கும். அந்தப் பெண் இழந்த சம்பளம் எந்தக் கணக்கிலும் வராது.

## வரி போடும் பக்கம்

முன்னுரிமை என்றதும் எல்லோரும் செலவைத்தான் பார்க்கிறோம். பணம் யாரிடமிருந்து வாங்கப்படுகிறது என்பதும் முன்னுரிமைதான்.

வருமானத்தின் மீது நேரடியாக விதிப்பது நேர்முக வரி. பொருள் வாங்கும்போது விலையோடு சேர்ந்து போவது மறைமுக வரி. 'ஏழைகள் வரியே கட்டுவதில்லை' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது நேர்முக வரியை மட்டும் பார்த்துச் சொல்வது. சோப்பு வாங்கும் ஒவ்வொருவரும் வரி கட்டுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 10,000. மொத்தமும் செலவாகிவிடுகிறது. இன்னொரு குடும்பத்தின் வருமானம் 1,00,000. அதில் 40,000 செலவு, மீதி சேமிப்பு. எல்லாப் பொருளுக்கும் 10 சதவீத மறைமுக வரி என்று வைத்துக்கொள்வோம். முதல் குடும்பம் கட்டும் வரி சுமார் 1,000. இரண்டாவது குடும்பம் கட்டுவது சுமார் 4,000. தொகையைப் பார்த்தால் பணக்காரர் அதிகம் கட்டுகிறார். வருமானத்தின் பங்காகப் பார்த்தால் ஏழை 10 சதவீதம், பணக்காரர் 4 சதவீதம். இப்படி வருமானம் குறையக் குறைய சுமை கூடும் வரியைப் பின்னோக்கு வரி என்கிறார்கள். அத்தியாவசியப் பொருள்களுக்கு விலக்கு கொடுத்தால் இந்தச் சுமை ஓரளவு குறையும், முழுவதும் போகாது. ஓர் அரசு நேர்முக வரியைக் குறைத்து அந்த இடத்தை மறைமுக வரியால் நிரப்பினால், ஏழைக்கான எந்தத் திட்டத்தையும் தொடாமலேயே அவரிடமிருந்து எடுத்துவிட்டது என்று அர்த்தம்.

இதே பக்கத்தில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: வரிச்சலுகை. ஒரு குடும்பத்துக்கு அரசு 5,000 கொடுத்தால் அது மானியம், அதைப் பற்றி விவாதம் நடக்கும். வீட்டுக் கடன் வைத்திருப்பவருக்கு வரியில் 5,000 குறைத்தால் அதை மானியம் என்று யாரும் சொல்வதில்லை. கருவூலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அமெரிக்கக் கருவூலத் துறையில் இருந்த ஸ்டான்லி சர்ரி 1967-ல் இதைச் சுட்டிக்காட்டி, வரியில் விடும் சலுகையையும் செலவாகவே எண்ண வேண்டும் என்றார். அதன்பின் பல நாடுகள் 'விட்டுக்கொடுத்த வரி வருவாய்' என்று தனிப் பட்டியல் வெளியிடத் தொடங்கின. இந்தியாவிலும் 2006-07 பட்ஜெட் முதல் அப்படி ஓர் அறிக்கை வருகிறது. இலவசங்களைப் பற்றி ஆவேசமாகப் பேசுபவர்கள் அந்தப் பட்டியலையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வருமான வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருப்பவருக்குத்தான் பயன்படும். அமெரிக்காவின் குழந்தை வரிச்சலுகை இதற்குத் தெளிவான உதாரணம். ஒரு குழந்தைக்கு 2,000 டாலர் என்று சட்டம் சொன்னது. ஆனால் பெற்றோரின் வருமானம் மிகக் குறைவாக இருந்தால் முழுத் தொகை கிடைக்காது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவாகக் கிடைத்தது. கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களில் குறைந்த வருமானக் குடும்பங்களின் பங்கு அதிகம் என்பதால், முழுத் தொகை கிடைக்காத குழந்தைகளிலும் அவர்கள் பங்கு அதிகமாக இருந்தது. 2021-ல் ஓராண்டுக்கு மட்டும் இந்த விதியை மாற்றினார்கள். வருமானமே இல்லாவிட்டாலும் முழுத் தொகை, 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 3,600 டாலர், மற்றவர்களுக்கு 3,000, அதில் பாதியை ஜூலை முதல் மாதாமாதம் கையில் கொடுப்பது என்று ஏற்பாடு. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் வறுமை அளவின்படி அந்த ஆண்டு குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. இந்தச் சலுகையும் பெருந்தொற்றுக் காலத்தின் மற்ற உதவிகளும் முடிந்த 2022-ல் அதே அளவு 12.4 சதவீதத்துக்கு ஏறியது. ஓராண்டுக்குள் பெற்றோர்களின் உழைப்போ பொறுப்போ மாறிவிடவில்லை. மாறியது விதி.

ஆக, வரியைப் பொறுத்தவரை இரண்டு விஷயங்களை நினைவில் வைத்தால் போதும். பொருள் மீதான வரி ஏழைக்குப் பாரம். வருமான வரிச் சலுகை ஏழைக்குக் கைக்கெட்டாத ஒன்று.

## யார் பெயரையும் சொல்லாத விதி

இந்தத் தலைப்பில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். 'விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, இதில் சிறுபான்மைக்குப் பாதிப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?' என்று கேட்பார்கள். கேட்பவர்களில் பலர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். பதில் எளிமையானது. விதி ஒன்றாக இருக்கலாம், அது போய் விழும் தரை மேடுபள்ளமாக இருக்கிறது.

பிரிட்டனில் 2017 ஏப்ரலில் ஒரு விதி வந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தரும் உதவியில் குழந்தைக்கான பகுதி முதல் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும்தான். அதன்பின் பிறக்கும் மூன்றாவது குழந்தைக்கு, சில விதிவிலக்குகள் தவிர, கிடையாது. இதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை, மதத்தின் பெயரும் இல்லை. ஆனால் அங்கே பாகிஸ்தான், வங்கதேச வம்சாவளிக் குடும்பங்களிலும் பழமைவாத யூதக் குடும்பங்களிலும் மூன்று, நான்கு குழந்தைகள் இருப்பது அதிகம். வறுமையும் முதல் இரண்டு சமூகங்களில் அதிகம். இரண்டும் சேரும்போது இழப்பு அங்கேதான் குவிந்தது. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,000 பவுண்டுக்கும் மேல் என்பது அந்த வீடுகளுக்குச் சின்னத் தொகை இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், விதி சட்டப்படி செல்லும் என்று 2021-ல் தீர்ப்பு வந்தது. கடைசியில் 2025 நவம்பர் பட்ஜெட்டில், 2026 ஏப்ரல் முதல் இந்த வரம்பை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். இதற்கிடையில் எட்டு ஆண்டுக்கும் மேல் ஓடிவிட்டது. 2017-ல் பிறந்த மூன்றாவது குழந்தை அந்த எட்டு ஆண்டையும் திரும்பப் பெறப்போவதில்லை.

பள்ளிகளை எடுத்துக்கொண்டால், அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பகுதி அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியிலிருந்து வருகிறது. கேட்க நியாயமாக இருக்கிறது, உள்ளூர்ப் பணம் உள்ளூர்ப் பள்ளிக்கு. ஆனால் 1930-களில் அந்த நாட்டின் மத்திய அரசு நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தான இடங்கள் என்று தரம் பிரித்தது. கடன் கிடைக்காத பகுதியில் வீட்டின் மதிப்பு ஏறாது. மதிப்பு ஏறாத இடத்தில் சொத்து வரி குறைவு, பள்ளிக்கு வரும் பணமும் குறைவு. இந்த ஏற்பாடு அரசியல் சட்டத்தை மீறவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-ல் சொல்லிவிட்டது. பல மாநில அரசுகள் தங்கள் நிதியைக் கொண்டு இடைவெளியைக் குறைக்கின்றன. ஆனாலும் தாத்தா காலத்தில் வரைபடத்தில் தீட்டிய நிறம் பேரன் படிக்கும் வகுப்பறை வரைக்கும் வந்துவிட்டது என்று சொல்வதில் மிகை இல்லை.

## பிளின்ட்: மிச்சம் பிடித்த ஒரு நகரம்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே இடத்தில் கூடினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் பிளின்ட் நகரத்தைப் பார்க்கலாம். 2014 வாக்கில் சுமார் ஒரு லட்சம் பேர். பாதிக்கும் மேல் கறுப்பின மக்கள். ஏறக்குறைய 40 சதவீதம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. கார் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் போனபின் நகரத்தின் வரி வருவாய் சரிந்தது. மாநில அரசு அவசர நிர்வாகி ஒருவரை நியமித்தது. அவருடைய முதல் வேலை செலவைக் குறைப்பது. மக்கள் தேர்ந்தெடுத்தவரின் அதிகாரம் அந்தக் காலத்தில் ஓரம் கட்டப்பட்டது.

2014 ஏப்ரலில், டெட்ராய்ட்டிலிருந்து காசு கொடுத்து வாங்கிய குடிநீரை நிறுத்திவிட்டு பிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். காரணம் சிக்கனம். ஆற்றுத் தண்ணீர் குழாயை அரிக்கும் தன்மை கொண்டது. அரிப்பைத் தடுக்க ஒரு வேதிப்பொருளைச் சேர்ப்பது வழக்கம். அதைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களில் ஈயம் இருந்தது. அது கரைந்து வீட்டுக் குழாயில் வந்தது. மக்கள் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து அதிகாரிகளிடம் காட்டினார்கள். தண்ணீர் பாதுகாப்பானது என்று பதில் வந்தது. அதே 2014 அக்டோபரில் அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் தொழிற்சாலை, இந்தத் தண்ணீரில் எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. எஞ்சினுக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் அதற்குப் பிறகும் ஓராண்டு குடித்தார்கள். 2015 அக்டோபரில்தான் நகரம் பழைய தண்ணீருக்குத் திரும்பியது.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே அதற்குக் கிடையாது. மிச்சம் பிடிக்க நினைத்தது சில மில்லியன் டாலர்கள். பின்னால் பாதிக்கப்பட்டவர்களுக்கான சமரசத் தொகை மட்டுமே 62.6 கோடி டாலர். குழாய்களை மாற்றிய செலவு தனி. நீண்டகாலமாக ஊறிப்போன இனப் பாகுபாடு இதில் ஒரு காரணம் என்று மிச்சிகன் மாநில மனித உரிமை ஆணையமே 2017-ல் எழுதியது. எந்த ஆவணத்திலும் 'கறுப்பினக் குழந்தைகளுக்குக் கெட்ட தண்ணீர்' என்று ஒரு வரி இல்லை. சிக்கனம் என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது.

## தொகை மாறாமல் இருப்பதும் வெட்டுதான்

'இந்தத் திட்டத்துக்கு ஒரு பைசாகூட நாங்கள் குறைக்கவில்லை' என்று அரசு சொல்லும்போது அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பொருள்களின் விலை ஆண்டுதோறும் ஏறுவதைப் பணவீக்கம் என்கிறோம். விலை ஏறும்போது தொகை நின்ற இடத்திலேயே நின்றால், அதைக் கொண்டு வாங்க முடிவது குறைந்துகொண்டே போகும்.

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவித் திட்டத்துக்கு மாநிலங்களுக்குத் தரும் தொகையை 1996 சட்டம் ஆண்டுக்கு சுமார் 1,650 கோடி டாலர் என்று நிர்ணயித்தது. அந்தத் தொகை அதன்பின் ஏறவே இல்லை. அதன் வாங்கும் சக்தி இப்போது ஏறத்தாழ பாதி. இந்தியாவில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 80 வயதுக்குட்பட்ட முதியோருக்கு மத்திய அரசு தன் பங்காகத் தரும் மாத ஓய்வூதியம் 2007-ல் 200 ரூபாய். இன்றும் 200 ரூபாய்தான். மாநிலங்கள் தங்கள் பணத்தைச் சேர்த்துத் தருவதால்தான் அது ஓரளவுக்காவது ஒரு தொகையாகத் தெரிகிறது. இப்படிக் கரைவதற்கு எதிராக யாரும் போராட முடிவதில்லை, ஏனென்றால் வெட்டிய நாள் என்று ஒன்று இல்லை. தொகை விலைவாசியோடு தானாகவே ஏற வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைப்பதுதான் இதற்கு மருந்து. அரசு ஊழியர்களின் அகவிலைப்படிக்கு விலைவாசியோடு ஏற்றும் ஏற்பாடு இருக்கிறது. மூதாட்டியின் ஓய்வூதியத்துக்கு இல்லாதது நியாயமாக எனக்குப் படவில்லை.

## தனியாக ஒதுக்கினால் தீருமா?

பொது விதி மேடுபள்ளத்தில் விழுகிறது என்றால், பின்தங்கிய சமூகத்துக்கென்று தனியாகவே ஒரு பங்கை எடுத்துவைக்கலாமே என்று தோன்றும். இந்தியா இதை நீண்ட காலமாகச் செய்துபார்த்த நாடு. பழங்குடி மக்களுக்கான துணைத் திட்டம் 1970-களின் நடுவிலும், பட்டியல் சாதியினருக்கானது 1979-80-லும் தொடங்கின. துணைத் திட்டம் என்றால், மக்கள்தொகையில் ஒரு சமூகத்தின் பங்கு எவ்வளவோ அந்தப் பங்கை வளர்ச்சிச் செலவில் அந்தச் சமூகத்துக்கென்று பிரித்துவைப்பது. 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், பழங்குடியினர் 8.6 சதவீதம்.

யோசனை அருமை. ஓட்டை எங்கே என்றால், எதை அந்தச் சமூகத்துக்கான செலவு என்று கணக்கில் காட்டுவது என்பதில். ஒரு மாணவியின் விடுதிக்குக் கொடுத்தது நேரான செலவு. நெடுஞ்சாலை போட்டுவிட்டு, 'அந்தச் சாலையில் அவர்களும்தானே போகிறார்கள்' என்று அதில் ஒரு பங்கை இந்தக் கணக்கில் எழுதுவதும் நடந்திருக்கிறது. இதைக் கணக்களவு ஒதுக்கீடு என்று சொல்லலாம். காகிதத்தில் சதவீதம் சரியாக இருக்கும், வீட்டுக்கு எதுவும் போயிருக்காது. 2010-ல் டெல்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்கான வேலைகளுக்குப் பட்டியல் சாதியினர் துணைத் திட்டப் பணத்திலிருந்து பல நூறு கோடி ரூபாய் திருப்பிவிடப்பட்ட விவகாரம் நாடாளுமன்றம் வரை வந்தது. வெறும் வழிகாட்டு நெறிமுறை போதாது, சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 2013-ல் சட்டமே இயற்றியது. தமிழ்நாடு 2024-ல் இயற்றியது.

மதச் சிறுபான்மையினருக்கான உதவித்தொகையில் வேறு மாதிரிச் சிக்கல். 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கு மத்திய அரசு தந்துவந்த உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டு, 9, 10-ம் வகுப்புகளுக்கு மட்டும் என்றானது. 8-ம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டப்படி படிப்பு ஏற்கெனவே இலவசம் என்பது அரசு சொன்ன காரணம். கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் கல்விக் கட்டணம் இல்லை என்பதற்காகப் படிப்புக்குச் செலவே இல்லை என்று ஆகிவிடாது. நோட்டு, சீருடை, போக்குவரத்து, வேலைக்குப் போயிருந்தால் பிள்ளை கொண்டுவந்திருக்கக்கூடிய கூலி எல்லாம் படிப்புச் செலவுதான். மேலே படிக்கும் மாணவர்கள் 9-ம் வகுப்பில் திடீரென்று முளைப்பதும் இல்லை. 5-ம் வகுப்பில் விட்டுப்போன பிள்ளை 9-ம் வகுப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை.

எல்லோருக்கும் பொதுவான திட்டமா, குறிப்பிட்ட சமூகத்துக்கான திட்டமா என்று சண்டை போடுவது தேவையில்லை என்பது என் கருத்து. பொதுத் திட்டத்துக்கு அரசியல் பலம் அதிகம், எல்லோரும் பயன்பெறுவதால் யாரும் எளிதில் வெட்ட முடியாது. தனித் திட்டத்துக்கு இலக்கு துல்லியம், ஆனால் தற்காத்துப் பேச ஆள் குறைவு. இரண்டும் வேண்டும். பெரிய தொகை இல்லாமலும் நிறையச் செய்ய முடியும் என்பதற்கு பிரேசில் சாட்சி. 2003-ல் தொடங்கிய பொல்சா ஃபமிலியா என்ற பண உதவித் திட்டம், நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் அரை சதவீதச் செலவில், உச்சத்தில் ஏறக்குறைய கால்வாசி மக்களைத் தொட்டது.

## பட்ஜெட்டைப் படிக்க ஒரு வழி

அடுத்த பட்ஜெட் வரும்போது, பிடித்த ஒரே ஒரு திட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் படிக்கப் போனால் மலைத்துப்போய் விட்டுவிடுவோம். அந்தத் திட்டத்துக்கு இந்த ஆண்டு அறிவித்த எண்ணை விட்டுவிட்டு, அதே அட்டவணையில் இருக்கும் பழைய ஆண்டின் உண்மைச் செலவைப் பாருங்கள். போன ஆண்டு அறிவித்ததையும் அது திருத்தப்பட்டதையும் பக்கத்தில் வையுங்கள். திருத்தியபோது பாதியாக விழுந்திருந்தால் ஏன் என்று கேட்கலாம். இந்த ஆண்டு 'இரட்டிப்பாக்கினோம்' என்று சொல்வது, போன ஆண்டு பாதியாக்கியதிலிருந்து இரட்டிப்பா என்றும் பார்க்கலாம். அப்புறம் தகுதி விதியைப் படியுங்கள். வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கைபேசி எண், இணைய விண்ணப்பம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், ஒவ்வொரு படியிலும் யார் உதிர்ந்துபோவார்கள் என்று யோசியுங்கள்.

ஒரு பட்ஜெட் யாரை எப்படித் தொடும் என்பதை அரசையே எழுதச் சொல்லும் வழக்கமும் வந்திருக்கிறது. பட்ஜெட் பெண்களுக்கு என்ன செய்யும் என்று தனி அறிக்கை வெளியிடுவதை ஆஸ்திரேலியா 1984-ல் தொடங்கி வைத்தது, பல நாடுகள் பின்பற்றின. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல், வளர்ச்சிப் பணத்தின் ஒரு பகுதி எங்கே போக வேண்டும் என்பதைக் குடியிருப்புக் கூட்டங்களில் மக்களே முடிவு செய்ய வைத்தது. ஏழைக் குடியிருப்புகளுக்குக் குடிநீரும் சாக்கடையும் முன்னால் வந்தன, ஏனென்றால் கேட்டவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள். ராஜஸ்தானில் 1994-ல் கிராம மக்கள் பொது விசாரணை என்ற பெயரில் கூடி, அரசு வேலைகளின் கூலிப் பட்டியலைச் சத்தமாக வாசித்தார்கள். செத்துப்போனவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அங்கேதான் வெளிவந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வருவதற்கு இது போன்ற கூட்டங்கள்தான் வழி போட்டன.

அந்தச் சட்டத்தின்படி இந்தியாவில் பொதுவாக 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதி, ஒரு விடுதிக்கோ பள்ளிக்கோ எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்தத் தேதியில் விடுவித்தார்கள், எவ்வளவு திரும்பிப் போனது என்று கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தக் கட்டணமும் கிடையாது. 30 நாளில் பதில் தர வேண்டும். இப்படிக் கேட்கும் சட்டம் வேறு பல நாடுகளிலும் இருக்கிறது. கேள்வியில் திட்டத்தின் பெயர், ஆண்டு, மாவட்டம் மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.